பட்டறையும் பள்ளியும்: தமிழகத்தில் வெள்ளிப்பணிக் கல்வியின் வரலாறு – கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வெள்ளிப்பணி என்பது ஏட்டின் வழியாக அன்றிக் கையின் வழியாகக் கைமாறிய அறிவு. தேர்ந்த ஆசானின் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பழகுவதே அதன் கல்விமுறை. அம்முறை தமிழகத்தில் எவ்வாறு உருவாகி நிலைபெற்றது, காலனிய ஆட்சியும் விடுதலைக்குப் பிந்தைய அரசும் அதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் கிடைத்த தொல்சான்றுகளும் அப்பகுதியின் வாழ்வியல் வழக்கங்களும் ஆய்வின் தொடக்கக் களமாகக் கொள்ளப்படுகின்றன. ஆசான்வழிக் கல்வியும் குலவழிக் கல்வியும் வரலாற்றில் ஒன்றாகப் பிணைந்து வந்திருப்பினும், அவை இரண்டும் ஒன்றல்ல என்பதும், முன்னதைக் காக்கப் பின்னதைக் காக்க வேண்டியதில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வெள்ளிப்பணி, கம்மாளர், பட்டறை, ஆசான், கம்பம் பள்ளத்தாக்கு, சென்னைக் கலைப்பள்ளி, குலக்கல்வி.

முன்னுரை

தமிழர் வாழ்வில் வெள்ளி இல்லாத சடங்கு அரிது. குழந்தைக்கு அரைஞாண் கொடி, தண்டை, காப்பு, பாலூட்டும் சங்கு. மணமகளுக்கு மெட்டியும் கொலுசும். பூசைக்கு விளக்கும் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும். நேர்ந்துகொண்டவர் கோயிலுக்குச் செலுத்தக் கண்மலர் என்று பிறப்பு முதல் அது உடன்வருகிறது. பொன் திருமகளாகக் கருதப்படுவதால் அதனைக் காலில் அணிவதில்லை என்னும் வழக்கு, இடைக்குக் கீழுள்ள அணிகள் அனைத்தையும் வெள்ளிக்கு உரியவையாக்கியது. பொன் வாங்க இயலாத குடும்பத்திலும் வெள்ளி இருந்தது. ஆகவே பொன்வேலை அரண்மனையையும் பெருங்கோயிலையும் செல்வர் மனையையும் சார்ந்து வளர, வெள்ளிவேலை சிற்றூர்ச் சந்தையைச் சார்ந்தும் வாழ்ந்தது.

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களை இணைக்கும் நெடும்பள்ளத்தாக்கு இத்தகைய சந்தையூர்களின் தொடராகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய் வணிகம் போடிநாயக்கனூர் வழியாகவும், சமவெளியின் தானியமும் காய்கனியும் தேனிச் சந்தை வழியாகவும் இயங்கின. தாய்மாமன் சீர் இன்றும் ஊர்கூடிக் கொண்டுசெல்லப்படும் இப்பகுதியில், காதணி விழாவின் சீர்த்தட்டில் வெள்ளிப் பொருளுக்கு நிலையான இடமுண்டு. இவற்றைச் செய்தவர்கள் எவ்வாறு தொழில் கற்றனர் என்னும் வினா, அணிகலன் வரலாறு எழுதியோரால் பெரிதும் கேட்கப்படவில்லை. பொருளின் வடிவும் காலமும் விரித்துரைக்கப்பட்ட அளவுக்கு, அதைச் செய்த கை எங்ஙனம் பழகியது என்பது உரைக்கப்படவில்லை. அவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியே இக்கட்டுரை.

பள்ளத்தாக்கின் தொல்சான்றுகள்

கம்பம் பள்ளத்தாக்கை உலோகக் கைவினையுடன் இணைக்கும் சான்றுகள் மூன்று. முதலாவது, போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கொண்ட இப்புதையலின் காசுகளில் பின்புறம் மீன் வடிவக் குறி காணப்படுவதால், நாணயவியலாளர் இவற்றை முற்காலப் பாண்டியருக்கு உரியவையாகக் கொள்வர். முத்திரைக் காசு வார்ப்பினால் செய்யப்படுவதன்று. வெள்ளியைத் தகடாக அடித்து, பட்டைகளாக நறுக்கி, துண்டாக்கி, எடை மிகுமாயின் மூலையைக் கத்தரித்து, பின்னர்த் தனித்தனி அச்சுகளால் குறிகளை அடிப்பது அதன் செய்முறை. தகடடித்தல், எடையறிதல், அச்சடித்தல் ஆகிய இம்மூன்றும் பிற்கால வெள்ளிப் பட்டறையின் அடிப்படை வேலைகளாகவும் விளங்குவன. ஒரே எடையில் நூற்றுக்கணக்கான துண்டுகளைச் செய்யப் பழகிய கைகள் பல இருந்தாலன்றி இத்தகைய காசுகள் உருவாகியிரா.

இரண்டாவது, சின்னமனூர்ச் செப்பேடுகள். பாண்டியர் வரலாற்றுக்கு அடிப்படையான இவ்வேடுகளில் பெரியது பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராசசிம்ம பாண்டியனால் வெளியிடப்பட்டது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் குறிப்பதால் இலக்கிய வரலாற்றாசிரியர் இதனைப் பெரிதும் எடுத்தாள்வர். கைவினை வரலாற்றின் நோக்கில் இது வேறொரு செய்தியையும் தருகிறது. கிரந்தத்திலும் தமிழிலும் நீண்ட பாடத்தைப் பிழையின்றி உலோகத்தில் வெட்டுவதற்கு எழுத்தறிவும் உளிப்பழக்கமும் ஒருங்கே தேவை. பாண்டியர் செப்பேடுகள் சிலவற்றின் இறுதியில் எழுத்து வெட்டியவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது, அவர் பெற்றிருந்த மதிப்பைக் காட்டும். உலோகக் கைவினைஞர் எழுத்தறிவற்றவர் என்னும் பிற்காலக் கருத்து அக்காலத்துக்குப் பொருந்தாது.

மூன்றாவது, சிலப்பதிகார மரபு. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து நெடுவேள் குன்றம் ஏறினாள் என்பது காப்பியச் செய்தி. கூடலூருக்கு மேலுள்ள மலையில், தமிழக–கேரள எல்லையில் அமைந்த மங்கலதேவி கோட்டத்தையே அவ்விடமாக 1963இல் அறிஞர் சி. கோவிந்தராசனார் அடையாளம் கண்டார். சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் மக்கள் அங்குச் சென்று வழிபடுகின்றனர். ஒரு காலணியினால் தொடங்கிய வழக்கின் முடிவிடமாக மக்கள் நினைவில் இப்பள்ளத்தாக்கு நிலைபெற்றிருக்கிறது.

சிலம்பு வழக்கின் தொழில்நுட்பக் கூறு கவனத்திற்குரியது. சிலம்பு உள்ளீடற்றது, ஒலிக்கும்பொருட்டு உள்ளே பரல் இடப்படுவது. கோவலன் கொணர்ந்த சிலம்பும் அரசியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் வேறுபடுத்த இயலாதவையாக இருந்தமையாலேயே பொய்வழக்கு நின்றது. உள்ளிருந்த பரலே உண்மையை உரைத்தது. அணிகலனின் உள்ளே இருப்பதைச் செய்தவன் அறிவான், வாங்குவோன் அறியான். இந்த அறிவு வேறுபாடே பொற்கொல்லர் மீதான ஐயத்துக்கு வேராகும். காப்பியம் அந்த ஐயத்தைப் பெருக்கிக் காட்டுகிறது: ஒருவன் செய்த களவுக்காகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்கிறது. அதே காப்பியம், அரசவைப் பொற்கொல்லன் நூறு கைவினைஞர் பின்தொடர நடந்துவந்ததையும் கூறுகிறது. ஒரு தலைவன் கீழ் நூற்றுவர் பணிசெய்யும் தொழிலமைப்பு காப்பியப் புலவருக்குப் பழகிய காட்சியாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

கல்வெட்டுகளில் தட்டாரும் கம்மாளரும்

இடைக்காலக் கல்வெட்டுகள் வெள்ளிப்பணியாளரைப் பெரும்பாலும் வரிசெலுத்துவோராகவே காட்டுகின்றன. பல்லவர் செப்பேடுகளில் வரும் தட்டுக்காயம், சோழர் கல்வெட்டுகளில் வரும் தட்டாரப்பாட்டம் ஆகியவை பொன், வெள்ளி வேலை செய்வோர்மீது விதிக்கப்பட்ட வரிகள். கம்மாணச்சேரி என்னும் குடியிருப்புப் பெயர், கைவினைஞர் ஊரின் ஒரு பகுதியில் சேர்ந்து வாழ்ந்ததை உணர்த்தும். தட்டார், கன்னார், கொல்லர், தச்சர், கல்தச்சர் ஆகிய ஐவகைத் தொழிலாளரும் கம்மாளர் என்னும் ஒரு பெயரால் வழங்கப்பட்டனர். கொங்குநாட்டுக் கல்வெட்டுகள், நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பணிந்து செல்லவும், வீட்டுக்குச் சாந்து பூசவும் கம்மாளருக்கு அரசன் உரிமை வழங்கியதைக் கூறுகின்றன. உரிமை வழங்கப்பட்டது என்றால் அதற்குமுன் அது மறுக்கப்பட்டிருந்தது என்பதும் பெறப்படும். கோயிலுக்கும் அரசனுக்கும் இன்றியமையாதவராக இருந்தோர், சமூக மதிப்பில் அவ்வாறு நடத்தப்படவில்லை.

இச்சூழலில் தொழிலறிவு வெளியார்க்குக் கற்பிக்கப்படாமல் உறவுக்குள் மூடப்பட்டதன் காரணம் விளங்கும். நிலமற்ற, உரிமை குறைந்த ஒரு குழுவின் ஒரே உடைமை அதன் கைத்திறன். அதை வெளியே விடுவது வாழ்வாதாரத்தை விடுவதாகும். குலத்துக்குள் கற்பிக்கும் வழக்கத்தை வெறும் மறைப்பு மனப்பான்மையாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது ஒரு தற்காப்பும் ஆகும். ஆயினும் அத்தற்காப்பின் விலையைக் கொடுத்தவர்களும் உண்டு. குலத்துக்கு வெளியே பிறந்தோர்க்கும், குலத்துக்குள்ளேயே பிறந்த பெண்களுக்கும் ஆசான் என்னும் நிலை எட்டாததாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், முதலாம் இராசராசன் காலத்தில் அளிக்கப்பட்ட அணிகளையும் கலங்களையும் எடையுடன் பட்டியலிடுகின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் எடைக்கல்லும், மணிகள் பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லும் பயன்பட்டன. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; ஒரு மஞ்சாடி இரண்டு குன்றி. கைவினைஞரின் நேர்மை, எடையினால் மட்டுமே சரிபார்க்கப்பட்டது என்பதற்கு இக்கல்வெட்டுகள் சான்று. பட்டறைக் கல்வியில் தராசு இறுதியாகவே மாணவன் கைக்கு வருவதன் பொருளும் இங்கு விளங்குகிறது.

நாணயமும் மூசையும்

தமிழகத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்ததில்லை. உரோமரின் வெள்ளிக்காசு முதல் ஐரோப்பிய வணிகக் குழுக்கள் கொணர்ந்த வெள்ளி வரை, கடல்வழியே வந்த உலோகமே பட்டறைகளை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர்ப் பட்டறையின் மூலப்பொருள் பெரும்பாலும் வெள்ளி ரூபாயே. பிரித்தானிய இந்திய ரூபாய் 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையுடையது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் ஒரு பங்கு பிற உலோகமும் கொண்டது. அதன் எடையே ஒரு தோலா எனக் கொள்ளப்பட்டது. குடியானவர் ரூபாய்களை எண்ணிக் கொடுத்து அவ்வெடைக்கு அணி செய்யப் பணிப்பர். பணி முடிந்தபின் அணியை ரூபாய்களுக்கு எதிராக நிறுத்துப் பார்ப்பர். கூலியும் சேதாரமும் இவ்வகையில் யாவரும் காணத் தீர்மானிக்கப்பட்டன.

இம்முறையில் பட்டறையின் உலோகக் கலவையை நாணயச்சாலையே உறுதிசெய்தது. தூய வெள்ளி மென்மையானது. சிறிதளவு செம்பு கலந்தாலே கொலுசு வளையாமல் நிற்கும். ரூபாயின் கலவை அதற்கு ஏற்றதாக அமைந்திருந்தது. 1893இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்கள் கொணரும் வெள்ளியை நாணயமாக்கித் தருவதை நிறுத்தின. அதன்பின் ரூபாயின் மதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பும் வேறுபட்டன. நாணயத்தை உருக்குவது முன்போல் இழப்பற்ற செயலாக இல்லை. 1940இல் ரூபாயின் வெள்ளியளவு சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. கலவையை நாணயச்சாலையிடம் விட்டிருந்த பட்டறை, இனி கட்டி வெள்ளியை வாங்கித் தானே செம்பு கலக்க வேண்டியதாயிற்று. ஆசானிடம் கற்க வேண்டியவற்றுள் கலவையறிவும் உரைகல்லின் பயன்பாடும் முன்னினும் முதன்மை பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருத இடமுண்டு.

இதே காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பொருளாதாரமும் மாறியது. பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. பள்ளத்தாக்கில் இருபோக நெல் சாகுபடி உறுதியாயிற்று. உறுதியான அறுவடை, அறுவடைக்குப் பிந்தைய திருமணம், திருமணத்துக்கு வேண்டிய அணி என்னும் தொடர்பு வேளாண் ஊர்களில் இயல்பானது. நீர்வளம் பெற்ற ஊர்களில் தட்டாருக்கு வேலை பெருகியிருக்கும் என ஊகிப்பதில் தவறில்லை.

பட்டறை என்னும் கல்விக்கூடம்

ஆசானின் பட்டறையில் பாடத்திட்டம் என எழுதப்பட்டது எதுவும் இல்லை; ஆனால் வரிசை உண்டு. தொழில் பழக வந்த சிறுவன் முதலில் எடுபிடி. கரி உடைத்தல், துருத்தி ஊதுதல், பட்டறையைக் கூட்டி அள்ளிய மண்ணைத் தனியே சேர்த்தல் ஆகியவை அவன் வேலைகள். அரத்தூளும் வெள்ளித் துகளும் கலந்த அம்மண்ணை அரித்து உலோகத்தை மீட்கும் வழக்கம் இருந்தமையால், கூட்டுதலும் ஒரு பொறுப்பான பணியே. உலோகம் வீணாகாமல் காக்கும் ஒழுக்கம், சுத்தியலைத் தொடுமுன்பே அவன் உடலில் படிந்துவிடும்.

அடுத்தது கம்பியும் தகடும். உருக்கி ஊற்றிய கட்டியை அடித்து நீட்டி, சிறிதாகிக்கொண்டே செல்லும் துளைகளையுடைய தகட்டின் வழியே இழுத்துக் கம்பியாக்குவர். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும். எனவே இடையிடையே அனலில் காட்டி நெகிழ்விக்க வேண்டும். எப்போது நெகிழ்விக்க வேண்டும் என்பதைச் சுத்தியலின் ஒலியும் கையில் உணரும் எதிர்விசையும் சொல்லும். இதை ஆசான் வாயால் விளக்குவதைவிட, மாணவன் வெடித்த தகட்டைக் கையில் வைத்திருக்கும்போது சுட்டிக்காட்டுவதே பயன்தரும். பட்டறைக் கல்வியில் பிழைக்கும் பாடத்துக்கும் இடையே கால இடைவெளி இல்லை.

மூன்றாவது பற்றவைப்பு. செம்பு மிகுதியாகக் கலந்து குறைந்த வெப்பத்தில் உருகுமாறு செய்த வெள்ளிக் கலவையே பற்றாசு. தூய வெள்ளி ஏறத்தாழ 962 பாகை செல்சியசில் உருகும். நூற்றுக்கு 28 பங்கு செம்பு கலந்த கலவை 780 பாகைக்குச் சற்றுக் குறைவிலேயே உருகிவிடும். இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பற்றவைப்பு நிகழ்கிறது. அணி வெண்காரம் பூசப்பட்டுக் கரியின்மேல் வைக்கப்படும். ஊதுகுழலால் சுடரை வளைத்து ஊதுவர். பற்றாசு ஓட வேண்டும். அணி உருகக் கூடாது. வெப்பமானி இல்லாத இடத்தில் அளவுகோல் நிறமே. வெள்ளி மங்கிய செந்நிறம் கொள்வதைப் பகல் வெளிச்சத்தில் காண்பது கடினம். ஊதுவதற்கு இருண்ட மூலை தெரிந்தெடுக்கப்படுவது இந்நிறத்தைக் காண்பதற்கே. மூச்சை நிறுத்தாமல் கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதப் பழகவே மாதங்கள் ஆகும்.

நான்காவது புடைப்பு வேலை. குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் கலந்த அரக்கின்மேல் தகட்டைப் பதித்து, முனை மழுங்கிய உளிகளால் பின்புறமிருந்து தள்ளி உருவத்தை எழுப்புவர். பின்பு முன்புறம் திருப்பி நுணுக்கங்களைத் தீட்டுவர். உளிகளைக் கைவினைஞர் தாமே செய்துகொள்வர். ஆகவே உளி செய்யப் பழகுவதும் மாணவன் கல்வியில் ஒரு பகுதியாகும். கண்மலர் போன்ற காணிக்கைத் தகடுகளுக்கு இத்துணை உழைப்பு இல்லை. அச்சின்மேல் தகட்டை வைத்து அடித்தால் போதும். கண்பார்வையை மீட்டுத் தந்ததாகப் பாண்டிய மன்னன் ஒருவன் கதை வழங்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் போன்ற நேர்த்திக்கடன் தலங்களைச் சுற்றிய பகுதியில், இத்தகைய எளிய தகட்டு வேலை மாணவனின் முதல் விற்பனைப் பொருளாக அமைதல் இயல்பு.

உருக்குதலும் நிறுத்தலும் இறுதியில் வருவன. உருகிய வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிசனை மிகுதியாக உறிஞ்சும். இறுகும்போது அதனை வெளியே தள்ளித் தெறிக்கும். மூசையில் கரித்தூள் தூவி மூடுவது இதனைத் தடுக்கும். வேதியியல் இக்காரணத்தைக் கூறுமுன்பே பட்டறை இச்செயலை அறிந்திருந்தது. தொழில் அறிவதற்கும் தொழிலின் காரணம் அறிவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு இவ்விடத்தில் தெளிவாகிறது. ஆசான் செயலைக் கற்பித்தார். காரணத்தைக் கேட்கும் உரிமை மாணவனுக்குப் பெரும்பாலும் இல்லை. பட்டறைக் கல்வியின் வலிமையும் குறையும் இவ்வொன்றிலேயே அடங்கும்.

அரசு அமைத்த பள்ளி

இக்கல்வியைப் பட்டறைக்கு வெளியே கொணரும் முதல் முயற்சி சென்னையில் நிகழ்ந்தது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். 1855இல் அரசு அதனை ஏற்றது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. 1884இல் பொறுப்பேற்ற ஈ. பி. ஹாவெல், மரபுக் கைவினைஞரின் திறனே பள்ளிக்கு அடிப்படையாக வேண்டும் என்று கருதினார். ஆனால் பள்ளியின் மற்றொரு போக்கு சந்தையை நோக்கியது. ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அங்கு அலுமினியக் கலத் தொழிலைத் தொடங்கினார். 1900இல் அது தனி நிறுவனமாயிற்று. உலோகக் கைவினையை வளர்க்க எழுந்த பள்ளியிலேயே, செம்பையும் பித்தளையையும் அடுக்களையிலிருந்து வெளியேற்றிய உலோகம் வேரூன்றியது. செம்புக் கலம் செய்த கன்னாரின் பிழைப்பை அம்மாற்றம் தாக்கியது. வெள்ளிப்பணி அலுமினியத்தால் நேரடியாகப் பாதிக்கப்படவில்லை. எனினும் பள்ளியின் முன்னுரிமை எங்குச் சென்றது என்பதை இது காட்டும்.

தனியார் துறையில் சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம், ஆங்கிலத் தேநீர்க் கலங்களிலும் தட்டங்களிலும் இந்துத் தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செய்த வெள்ளிப் பொருள்களை விற்றது. சுவாமி வேலைப்பாடு எனப் பெயர்பெற்ற இவை ஐரோப்பியரிடையே பெருமதிப்புப் பெற்றன. வடிவம் வாங்குவோருடையது, கை தமிழகக் கைவினைஞருடையது, பொருளின்மேல் பொறிக்கப்பட்ட பெயர் நிறுவனத்துடையது. செப்பேட்டில் எழுத்து வெட்டியவர் பெயர் பெற்ற காலத்தையும் இதனையும் ஒப்பிட்டால், கைவினைஞர் இழந்தது எது என்பது புலப்படும்.

இச்சூழலுக்கு அறிவுத்தளத்தில் எதிர்வினை ஆற்றியவருள் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். இலங்கைத் தமிழரான முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர், 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும் 1909இல் இந்தியக் கைவினைஞர் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். உண்மையான வேலை நடக்கும் இடத்தில், தந்தையிடமே மாணவனாக இருந்து கற்பதற்கு ஈடாகப் பள்ளி எதுவும் அமையாது என்பது அவர் கருத்து. கல்விமுறை பற்றிய அவர் கணிப்பு கூர்மையானது. ஆனால் ஆசான் தந்தையாகவே இருத்தல் வேண்டும் என்பதை அவர் கல்வியின் இயல்பாகவே கொண்டார். குலத்துக்கு வெளியே நின்றோரின் பக்கத்திலிருந்து அவர் அதனைப் பார்க்கவில்லை.

குலமும் கல்வியும்

அப்பக்கத்தின் குரல் தமிழகத்தில் 1953இல் வலிமையுடன் எழுந்தது. முதலமைச்சர் இராசாசி அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டம், ஊரகப் பள்ளி நேரத்தை ஏறத்தாழப் பாதியாக்கி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வகைசெய்தது. திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தன. 1954இல் இராசாசி பதவி விலகினார். அவருக்குப்பின் முதலமைச்சரான காமராசர் அவ்வாண்டே திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தோரின் வாதம் கைத்தொழிலுக்கு எதிரானதன்று. பிறப்பினால் தொழிலை விதிப்பதற்கு எதிரானது. இவ்வேறுபாடு பின்னாளைய பேச்சில் பலவேளை மறக்கப்பட்டது.

பத்தாண்டுக்குள் மற்றோர் அடி விழுந்தது. 1963 சனவரியில் நடைமுறைக்கு வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடுத்தன. நாடு முழுவதும் பொற்கொல்லர் பெருந்தொகையினர் வேலையிழந்தனர்; தற்கொலைகளும் நிகழ்ந்தன. 14 காரட் வரம்பு பின்னர்த் தளர்த்தப்பட்டாலும், கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. வெள்ளி இவ்விதிகளுக்கு உட்படவில்லை. ஆயினும் ஒரே பட்டறையில் பொன்னும் வெள்ளியும் செய்த குடும்பங்களுக்கு, மகனை இத்தொழிலில் அமர்த்தலாமா என்னும் வினாவை அந்நிகழ்வு எழுப்பியது. பள்ளிக்கல்வி பரவிய அதே தலைமுறையில் அவ்வினா எழுந்தது. ஆசான்–மாணவர் தொடர் பல பட்டறைகளில் அறுந்ததற்கு, இயந்திரத்தின் வருகைக்கு முன்பே இவ்விரு காரணங்களும் அமைந்துவிட்டன.

தஞ்சாவூரும் சேலமும் மாமல்லபுரமும்

தமிழகத்தில் இத்தொழிற்கல்வி இன்று மூன்று வழிகளில் செல்வதைக் காணலாம். தஞ்சாவூர்க் கலைத்தட்டு முதல் வழி. இரண்டாம் சரபோசி காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் இக்கலையில், அடித்தட்டைக் கன்னார் செய்ய, வெள்ளிப் புடைப்புருவை நகைப்பணியாளர் செய்ய, பதிப்பவர் அதனைத் தட்டில் பொருத்துவார். மூவர் கைகளும் கூடினாலன்றிப் பொருள் முழுமையுறாது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது; 1973இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் சந்தையைத் தருகின்றன. ஆனால் மூவருள் ஒருவர் தொடர் அறுந்தாலும் பொருள் நின்றுவிடும். பெயரைக் காப்பதும் கையைக் காப்பதும் வேறு வேறு.

சேலம் இரண்டாவது வழி. செவ்வாய்ப்பேட்டையை மையமாகக் கொண்ட கொலுசுத் தொழிலில் உருக்குதல், கம்பி இழுத்தல், கண்ணி கோத்தல், பற்றவைத்தல், மெருகிடுதல் ஆகியவை தனித்தனிக் கைகளுக்குப் பிரிக்கப்பட்டுள்ளன. குலத்தால் தட்டார் அல்லாதோரும் பெண்களும் இத்தொழிலில் இடம்பெற இப்பிரிவினையே வழிவகுத்தது. வாயில் அகன்றது, ஆனால் ஒவ்வொருவரும் கற்பது ஒரு துண்டு வேலையை மட்டுமே. கட்டி வெள்ளியிலிருந்து முழுக் கொலுசு வரை தனியே செய்யவல்ல ஆசான் உருவாக அவ்வமைப்பில் இடம் குறைவு.

மூன்றாவது வழி, வெள்ளிப்பணிக்கு இன்னும் கிட்டாதது. 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி நிலையம், வைத்தியநாத ஸ்தபதியாலும் பின்னர் அவர் மகன் கணபதி ஸ்தபதியாலும் வழிநடத்தப்பட்டுக் கல்லூரியாக வளர்ந்தது. மரபில் வந்த ஆசான்களே ஆசிரியராக அமைய, மரபுக்கு வெளியே பிறந்தோரும் மாணவராயினர். செயலோடு காரணமும் நூலும் கற்பிக்கப்பட்டன. ஆசான் வழியாகக் கற்பது குலம் வழியாகக் கற்பதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே உள்ள சான்று இது.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம், பொற்கொல்லர் உள்ளிட்ட 18 தொழில்களைச் சேர்ந்தோருக்குப் பயிற்சியும் கடனும் அளிக்கிறது. குடும்பத் தொழிலையே செய்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்குமாறு தமிழ்நாடு அரசு கோரியது. அது ஏற்கப்படாமையால், குலத்தை அடிப்படையாகக் கொள்ளாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 25 தொழில்களுக்கு 2025இல் தொடங்கியது. 1953இன் விவாதம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் முடியவில்லை என்பதை இது காட்டுகிறது. இரு திட்டங்களும் முதன்மையாகத் தொழில்முனைவோரை நோக்கியவை. ஐந்தாறு ஆண்டுகள் ஒரு மாணவனைப் பட்டறையில் வைத்துப் பழக்கும் ஆசானுக்கு அக்காலத்தில் ஏற்படும் வெள்ளி இழப்பையும் நேர இழப்பையும் யார் ஈடுசெய்வது என்னும் வினாவுக்கு அவற்றில் போதிய விடை இல்லை. முன்னாளில் அவ்விழப்பைக் குடும்பம் ஏற்றது; கற்றவன் மகனாதலால் இழப்பு திரும்பிவரும் என்னும் உறுதி இருந்தது. மாணவன் அயலானாகும்போது அவ்வுறுதிக்கு மாற்று தேவைப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. வெள்ளிப்பணியின் அறிவு நிறம், ஒலி, எதிர்விசை ஆகிய உடலுணர்வுகளைச் சார்ந்தமையால், ஆசானின் அண்மை அதற்கு இன்றியமையாதது. ஏடும் காணொலியும் துணையாகலாம், ஈடாகா. அவ்வண்மை குலத்துக்குள் அடங்கியது, உரிமை மறுக்கப்பட்ட கைவினைஞரின் தற்காப்பாலும், கற்பிக்கும் செலவைக் குடும்பமே ஏற்றதாலும் விளைந்த வரலாற்று நிலை. தொழிலின் இயல்பு அன்று. காலனியப் பள்ளி சந்தையை நோக்கியும், விடுதலைக்குப் பிந்தைய அரசு கடனையும் விற்பனையையும் நோக்கியும் சென்றன. கற்பிப்பவரின் இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு எக்காலத்திலும் போதுமானதாக அமையவில்லை.

போடிநாயக்கனூர்க் காசை அடித்த கையிலிருந்து இன்றைய சந்தையூர்ப் பட்டறையில் மெட்டியைப் பற்றவைக்கும் கை வரை, இவ்வறிவு எழுதப்படாமலேயே வந்து சேர்ந்திருக்கிறது. கம்பம், சின்னமனூர், போடி போன்ற ஊர்களில் இன்னும் முழு வேலையும் அறிந்து பணிசெய்யும் முதியோரின் செய்முறைகளையும் கலைச்சொற்களையும் களஆய்வால் தொகுப்பது உடனடிப் பணி. அவர்களிடம் பிறப்பு வேறுபாடின்றி ஆணும் பெண்ணும் உதவித்தொகையுடன் அமர்ந்து கற்கவும், கற்பிக்கும் ஆசானுக்கு ஊதியம் கிடைக்கவும் வழிசெய்வது அதனினும் முதன்மையான பணி. தொகுப்பு மட்டும் நிகழுமாயின், சொற்கள் அகராதியில் இருக்கும்; அச்சொற்கள் சுட்டும் செயலை அறிந்த கை இராது.